முதலீட்டில் எவ்வளவு இறக்கத்தை உங்களால் தாங்க முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளக்காரர்களும் சிறு தொழில் நடத்துபவர்களும் ஓய்வை நெருங்குபவர்களும் முதலீட்டைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியச் சந்தையிலிருந்தும் இங்குள்ள விதிமுறைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

இடர் தாங்கும் திறன் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட விஷயங்கள் பேசப்படுகின்றன. முதலாவது பண வலு: முதலீட்டின் மதிப்பு பாதியாகக் குறைந்தாலும் வீட்டுச் செலவு, தவணை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை தடையின்றி நடக்குமா என்பது. வருமானம், கடன், கையிருப்பு, பணம் தேவைப்படும் காலம் ஆகியவற்றை வைத்து இதைத் தாளில் கணக்கிட்டுவிடலாம். இரண்டாவது மன உறுதி: அதே இறக்கத்தைப் பார்த்துக்கொண்டு, விற்காமல், தூக்கம் கெடாமல் இருக்க முடியுமா என்பது. இதைத் தாளில் கணக்கிட முடியாது. ஓரளவு ஊகிக்கத்தான் முடியும்.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் இலக்கை அடைய எவ்வளவு இடர் உண்மையிலேயே தேவை என்பதுதான் அது. சொந்த வீடும் போதிய ஓய்வூதியமும் உள்ள ஒருவருக்கு, பங்குச் சந்தையில் பெருந்தொகை போடும் வலுவும் துணிவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம். துணிவு இருக்கிறது என்பதற்காகவே இடர் எடுப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

பண வலுவும் மன உறுதியும் ஒத்துப்போகாவிட்டால் எதைப் பின்பற்றுவது?

இரண்டில் எது குறைவோ அதைத்தான். மன உறுதி மிகுந்து பண வலு குறைந்தவர் அந்த உறுதியைக் கொண்டு மருத்துவமனைக் கட்டணம் செலுத்த முடியாது. இறக்கத்தின் நடுவில் வேறு வழியின்றி விற்க நேரிடும். பண வலு மிகுந்து மன உறுதி குறைந்தவருக்கு விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் பயந்து விற்றுவிடுவார். விளைவு ஒன்றுதான்.

இரண்டுக்கும் நம்மிடையே தெளிவான எடுத்துக்காட்டுகள் உண்டு. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவரை எடுத்துக்கொள்வோம். தொழிலில் துணிந்து முடிவெடுத்துப் பழகியவர் என்பதால் கேள்வித்தாளில் அவருக்கு 'மிகத் துணிவானவர்' என்றே மதிப்பெண் வரும். ஆனால் 2020 மார்ச் மாதத்தில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றதும் பங்குகளின் விலை சரிந்ததும் ஒரே வாரங்களில் நடந்தன. வருமானம் சந்தையோடு சேர்ந்தே விழும் நிலையில் இருப்பவருக்குப் பண வலு அவர் நினைப்பதைவிடக் குறைவு. மறுபுறம், 2003 ஏப்ரலுக்கு முன் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத்துக்கு உரியவராக உள்ள ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலையான வருமானம் உறுதி. அவர் பெரும்பாலும் அஞ்சகத்தையும் வங்கியையும் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் அவருடைய பண வலு ஏற்றுமதியாளருடையதைவிடப் பல மடங்கு அதிகம்.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்க்கும் மென்பொருள் ஊழியருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சம்பளமும், நிறுவனம் தந்த பங்குகளும், விருப்பப்பட்டு வாங்கிய தகவல் தொழில்நுட்பத் துறை ஃபண்டும் (பலரிடம் திரட்டிய பணத்தை அத்துறைப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டு) ஒரே துறையைச் சார்ந்திருந்தால், அத்துறை சரியும் ஆண்டில் மூன்றும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

கணக்குத் தொடங்கும்போது நிரப்பச் சொல்லும் கேள்வித்தாளை எவ்வளவு நம்பலாம்?

தொடக்கப் புள்ளியாக மட்டும் நம்பலாம். இத்தகைய கேள்வித்தாள்கள் புதியவை அல்ல. அமெரிக்க ஆய்வாளர்களான கிரேபிளும் லிட்டனும் 1999-ல் வெளியிட்ட 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் இன்றும் ஆய்வுகளில் பயன்படுகிறது. இந்தியாவில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர், வாடிக்கையாளரின் இடர் தாங்கும் திறனை மதிப்பிட்டு அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயப்படுத்துகின்றன. கேள்விகள் குழப்பமாகவோ, இரட்டை மறுப்பு கொண்டவையாகவோ, குறிப்பிட்ட பதிலை நோக்கி இழுப்பவையாகவோ இருக்கக் கூடாது என்றும், முதலீட்டுத் தொகையில் ஏற்படும் இழப்பை வாடிக்கையாளரால் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. விதி நன்றாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில் உள்ள சிக்கல் வேறு. செயலியில் ஐந்தாறு கேள்விகளுக்கு இரண்டு நிமிடத்தில் பொத்தானை அழுத்துகிறோம். "சந்தை 20 சதவீதம் இறங்கினால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு, சந்தை ஏறிக்கொண்டிருக்கும் ஆண்டில் பெரும்பாலோர் "மேலும் வாங்குவேன்" என்றே பதில் சொல்வார்கள். இறங்கிய பிறகு அதே கேள்விக்கு அதே பதில் வருமா என்பது ஐயமே. மேலும், வயது, வருமானம் போன்ற பண வலுவைக் காட்டும் விடைகளையும் மனநிலையைக் காட்டும் விடைகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே மதிப்பெண் தருவது பல படிவங்களின் வழக்கம். வயது 27 என்பதற்குக் கிடைத்த மதிப்பெண், 'பயந்து விற்றுவிடுவேன்' என்ற விடையின் குறைந்த மதிப்பெண்ணை மூடி மறைத்து, இறுதியில் 'மிதமானவர்' என்று காட்டிவிடும். ஆகவே மொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தீர்கள் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். விற்பவரே படிவத்தை நிரப்பித் தந்து கையொப்பம் மட்டும் கேட்டால், அந்தப் படிவத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

அப்படியானால் என் மன உறுதியை நானே எப்படி அறிந்துகொள்வது?

சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் எண்ணிப் பாருங்கள். 'பங்குச் சந்தை பாதியாக இறங்கலாம்' என்று படிக்கும்போது யாருக்கும் வயிறு கலங்காது. உங்களிடம் 10 லட்சம் ரூபாய் இருந்து, அதில் 6 லட்சம் பங்குகளில் இருந்தால், அந்த இறக்கம் 3 லட்சம் ரூபாய். மாதம் 25,000 ரூபாய் சேமிப்பவருக்கு அது ஓராண்டுச் சேமிப்பு. ஓராண்டு முழுவதும் சிக்கனமாக இருந்து சேர்த்தது கணக்கில் காணாமல் போயிருக்கிறது. எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தொலைக்காட்சியில் இன்னும் இறங்கும் என்கிறார்கள். இந்நிலையில் வீட்டில் என்ன பேச்சு எழும் என்பதையும் சேர்த்துக் கற்பனை செய்து பார்த்தால் கிடைக்கும் விடை, எந்தக் கேள்வித்தாளும் தருவதைவிட உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

பாதியாக இறங்குவது மிகைப்படுத்திய கற்பனை என்று தோன்றினால் வரலாற்றைப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடும் மும்பைச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2008 ஜனவரியில் 20,000-ஐத் தாண்டி நின்றது; 2009 மார்ச் 9 அன்று 8,160-ல் முடிந்தது. 14 மாதங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் போய்விட்டது. 2020 ஜனவரி நடுவில் 41,900-க்கு மேல் இருந்தது, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-ல் நின்றது. அந்த ஒரு நாள் இழப்பு மட்டும் 13 சதவீதத்துக்கும் மேல்.

இரண்டாவது வழி, கடந்த காலத்தில் நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று பார்ப்பது. என்ன நினைத்தீர்கள் என்பது நினைவில் மாறிவிடும். பரிவர்த்தனை அறிக்கை மாறாது. 2020 மார்ச், ஏப்ரல் மாத அறிக்கைகளை எடுத்து, எஸ்.ஐ.பி. (ஃபண்டில் மாதாமாதம் போடும் தொகை) நிறுத்தப்பட்டதா, யூனிட்டுகள் (ஃபண்டில் உங்களுக்குள்ள அலகுகள்) விற்கப்பட்டனவா, பணம் எங்கே மாற்றப்பட்டது என்று பாருங்கள்.

2020-ல் நான் ஒன்றையும் விற்கவில்லை. எனக்கு மன உறுதி அதிகம் என்று கொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் இரண்டு தள்ளுபடிகளுக்குப் பிறகு.

முதலாவது, அந்தச் சரிவு மிக விரைவில் மீண்டது. 2020 நவம்பரிலேயே சென்செக்ஸ் பழைய உச்சத்தைக் கடந்துவிட்டது. விற்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் விலை ஏறிவிட்டதால் விற்காமல் தப்பியவர்கள் பலர். 2008-ன் சரிவு அப்படிப்பட்டதல்ல. அது ஓராண்டுக்கும் மேலாக நீண்டது. நடுவில் பலமுறை ஏறுவதுபோல் காட்டி மீண்டும் இறங்கியது. 2010 நவம்பரில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் சறுக்கி, 2013-ன் இறுதியில்தான் அதை மீண்டும் எட்டிப் பிடித்தது. ஒரு நாள் அதிர்ச்சியைத் தாங்குவதும், ஆண்டுக் கணக்கில் நீளும் சலிப்பைத் தாங்குவதும் வேறு வேறு. பின்னதில் தோற்பவர்களே அதிகம் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

இரண்டாவது தள்ளுபடி தொகையைப் பற்றியது. அன்று உங்கள் முதலீடு 80,000 ரூபாயாக இருந்திருந்தால், 38 சதவீத இறக்கம் என்பது 30,000 ரூபாய். ஒரு கைப்பேசியின் விலை. இன்று அதே கணக்கில் 25 லட்சம் இருந்தால் அதே இறக்கம் ஒன்பதரை லட்சம். சிறு தொகையில் கிடைத்த துணிவு பெரிய தொகைக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி அதிகமாக இருக்கிறது. இது என் பலவீனமா?

இல்லை, மனித இயல்பு. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட கோட்பாட்டின் மையமே இதுதான். 1992-ல் அவர்கள் செய்த மதிப்பீட்டின்படி, இழப்பின் தாக்கம் அதே அளவு ஆதாயத்தின் தாக்கத்தைப் போல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே 1996-ல் காலமாகிவிட்டார்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒன்று உண்டு. சந்தை ஏறும் நாள்களும் இறங்கும் நாள்களும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். ஆகவே செயலியைத் தினமும் திறந்து பார்ப்பவர், ஆண்டு முடிவில் லாபத்திலேயே இருந்தாலும், மகிழ்ச்சியைவிட வலியையே அதிகம் சேர்த்துக்கொள்கிறார். காலாண்டுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அதே முதலீடு அமைதியானதாகத் தெரியும். செயலியின் அறிவிப்புகளை நிறுத்தி வைப்பது, செலவே இல்லாமல் மன உறுதியைக் கூட்டும் வழி.

நான் வங்கி டெபாசிட், தங்கம், சீட்டு தவிர வேறெதிலும் போடுவதில்லை. எனக்கு ரிஸ்க் பிடிக்காது என்பது சரிதானே?

உங்களுக்குப் பிடிக்காதது விலை கண்முன் ஏறி இறங்குவது. இடரே இல்லாத இடத்தில் பணத்தை வைத்திருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. நம் ஊர்களில் 'எனக்கு ரிஸ்க் வேண்டாம்' என்று சொல்பவர்கள் எடுக்கும் இடர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும்.

வங்கி டெபாசிட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. அதுவும் 2020 பிப்ரவரியில்தான் உயர்த்தப்பட்டது; அதற்கு முன் நீண்ட காலம் 1 லட்சமாகவே இருந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடே இல்லை. பெரிய வங்கிகளில் அசலுக்கு ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மைதான். அங்கே உள்ள இடர் விலைவாசி. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். வரி போக டெபாசிட்டில் மிஞ்சும் வட்டி அந்த உயர்வை ஈடுகட்டுகிறதா என்று கணக்குப் போட்டால் பலருக்கு விடை கசக்கும். 30 சதவீத வரி வரம்பில் உள்ளவருக்கு 7 சதவீத வட்டியில் கையில் நிற்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. 2012-ல் 10 கிராம் சுமார் 30,000 ரூபாய் என்றிருந்த விலை, 2018-லும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் நகையாக வாங்கியவர் செய்கூலியும் சேதாரமும் போக நஷ்டத்திலேயே இருந்திருப்பார். ஆனால் பீரோவில் இருக்கும் நகைக்கு யாரும் தினமும் விலை ஒட்டிக் காட்டுவதில்லை என்பதால் அந்த நஷ்டம் மனத்தை உறுத்தவில்லை. பிறகு தங்கம் வெகுவாக ஏறியது என்பது வேறு கதை; பங்குகளும்தான் ஏறின.

சீட்டுக்கும் தனியார் நிதி நிறுவனத்துக்கும் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்து நடத்தப்படும் சீட்டு ஒரு வகை. தெருவில் தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாச் சீட்டும், டெபாசிட்டுக்கு நம்ப முடியாத வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனமும் வேறு வகை. 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டு ஏராளமான குடும்பங்கள் பணத்தை இழந்த பிறகுதான், வைப்பீட்டாளர் நலன் காக்க 1997-ல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்றியது. அப்படியும் அந்த வகை மோசடிகள் நின்றபாடில்லை. பங்குச் சந்தை சூதாட்டம் என்று ஒதுங்கியவர்கள், அதைவிடப் பன்மடங்கு ஆபத்தான இடத்தில், முழுத் தொகையும் போய்விடக்கூடிய இடத்தில், கூச்சமின்றிப் போட்டார்கள். மாதாமாதம் வட்டி சரியாக வந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம். விலை ஆடாததைப் பாதுகாப்பு என்று எண்ணிவிட்டார்கள்.

ஆகவே உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்வதானால், 'ஏற்ற இறக்கத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது' என்று சொல்லுங்கள். அது நியாயமான இயல்பு. அதற்கேற்ற முதலீடுகளும் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதி அவற்றில் ஒன்று: 15 ஆண்டுக் காலம், அரசின் உறுதி, 2020 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 7.1 சதவீத வட்டி பல ஆண்டுகள் மாறாமல் தொடர்ந்தது. பங்கு சார்ந்த பகுதி 10 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று செபி வரையறுத்துள்ள, பங்குகளையும் கடன் பத்திரங்களையும் கலந்து வைத்திருக்கும் கன்சர்வேட்டிவ் ஹைபிரிட் ஃபண்டுகள் இன்னொன்று.

கடன் ஃபண்டு என்றால் பாதுகாப்பானதுதானே?

எல்லாம் அல்ல. பங்குகளுக்குப் பதிலாகக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடுபவையே கடன் ஃபண்டுகள். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டு திட்டங்களை ஒரே நாளில் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பணம் பின்னர் பல தவணைகளில் திரும்பி வந்தது. ஆனால் ஊரடங்கின் நடுவில், மிகத் தேவைப்பட்ட நாளில், எடுக்க முடியவில்லை. அதிக வட்டிக்காகத் தரம் குறைந்த கடன் பத்திரங்களை வைத்திருக்கும் திட்டமா என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

100-லிருந்து வயதைக் கழித்தால் வருவதைப் பங்குகளில் போடலாம் என்ற விதி சரியா?

எதுவும் தெரியாதவருக்கு ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் 30 வயதில் கல்விக் கடனும் வயதான பெற்றோரும் நிலையற்ற வேலையும் உள்ளவருக்கு 70 சதவீதம் என்று அது சொல்லும். வாடகை வருமானமும் ஓய்வூதியமும் உள்ள 65 வயதுக்காரருக்கு 35 என்று சொல்லும். இருவருக்குமே அது பொருந்தாது. வயது என்பது எஞ்சியிருக்கும் காலத்துக்கு ஒரு குறியீடு மட்டுமே. அந்தக் குறிப்பிட்ட பணம் எப்போது தேவைப்படும் என்பதை நேரடியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தான். எனக்கு மன உறுதி அதிகம், பங்குகளிலேயே தொடரலாமா?

கூடாது. அந்தப் பணத்துக்கு உங்கள் மன உறுதியோடு தொடர்பே இல்லை. கல்லூரி கட்டணம் கேட்கும் ஜூன் மாதம் சந்தை மீளும்வரை காத்திருக்காது. 2008-ன் சரிவைப் போல ஒன்று வந்தால் மூன்று ஆண்டுகள் போதாமல் போகலாம் என்பதை மேலே பார்த்தோம்.

இதனால்தான் 'என் இடர் தாங்கும் திறன் இவ்வளவு' என்று ஒருவருக்கு ஒரே எண்ணைத் தருவது பொருத்தமற்றது. ஒரே மனிதரின் ஓய்வுக்காலப் பணம் 20 ஆண்டு இறக்கத்தையும் தாங்கும். கல்விப் பணம் ஓர் ஆண்டு இறக்கத்தையும் தாங்காது. அவசரகாலக் கையிருப்பு ஒரு நாள் இறக்கத்தைக்கூடத் தாங்காது. ஒவ்வொரு பணத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்.

நீண்ட காலம் பொறுத்திருந்தால் நஷ்டமே வராது என்கிறார்களே?

வாய்ப்பு குறையும், மறையாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915-ல் முடிந்தது. அந்த உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். இடையில் சென்றவை 34 ஆண்டுகள். வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஓய்வு பெறும் காலம். சிறிது சிறிதாக முதலீடு செய்தவர்களின் நிலை அவ்வளவு மோசமாக இருந்திருக்காது, பங்காதாயமும் சேர்ந்திருக்கும். ஆயினும் 'பொறுத்தால் கட்டாயம் மீளும்' என்பது இயற்கை விதி அல்ல என்பதற்கு இது போதும். இந்தியச் சந்தை பற்றி நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு. அதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது குறியீட்டைப் பற்றிய பேச்சு. தனிப்பட்ட நிறுவனப் பங்குகள் பூஜ்யத்துக்கே போவதுண்டு. அங்கே பொறுமைக்குப் பரிசு கிடையாது. இழப்பின் கணக்கும் ஒருதலையானது: 20 சதவீதம் இறங்கினால் ஈடுகட்ட 25 சதவீதம் ஏற வேண்டும், 50 சதவீதம் இறங்கினால் 100 சதவீதம், 80 சதவீதம் இறங்கினால் 400 சதவீதம்.

ரிஸ்கோமீட்டரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டு திட்டத்திலும் அதன் இடர் அளவை முள்ளால் காட்டும் அந்தப் படத்தில், 2021 ஜனவரி முதல் 'குறைவு' தொடங்கி 'மிக அதிகம்' வரை ஆறு நிலைகள் உள்ளன. மாதந்தோறும் மதிப்பிட்டு வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. கடன் ஃபண்டுகளை ஒப்பிட இது மிகப் பயன்படும். பங்கு ஃபண்டுகளில் பயன் குறைவு. ஏனெனில் 50 பெரிய நிறுவனங்களில் பரவலாகப் போடும் குறியீட்டு ஃபண்டுக்கும், ஒரே துறையில் போடும் ஃபண்டுக்கும் பெரும்பாலும் 'மிக அதிகம்' என்ற ஒரே நிலைதான். மேலும் அந்த முள் திட்டத்தைப் பற்றியது. தம் மொத்தப் பணத்தில் 5 சதவீதத்தை 'மிக அதிகம்' என்ற திட்டத்தில் போடுபவர் துணிச்சல்காரர் ஆகிவிட மாட்டார்.

எனக்கு ரிஸ்க் எடுக்கப் பிடிக்கும். எஃப் அண்ட் ஓ வர்த்தகம் (பங்குகளின் எதிர்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வர்த்தகம்) செய்யலாமா?

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இதில் ஈடுபட்டனர். அவர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இடர் தாங்கும் திறன் என்பது காலப்போக்கில் ஈடு கிடைக்க நியாயமான வாய்ப்புள்ள ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்வது. இங்கே அந்த ஈடு சராசரி மனிதருக்குக் கிடைக்கவில்லை. பிடிக்கிறது என்பது வேறு கேள்விக்கான பதில்.

கணவர் துணிச்சல்காரர், நான் அப்படி இல்லை. யாருடைய மனநிலையை வைத்து முடிவெடுப்பது?

படிவங்கள் தனிநபரைக் கேட்கின்றன. நம் வீடுகளில் பணம் குடும்பத்துடையது. அவர் பெயரில் உள்ள கணக்கில் நட்டம் வந்தாலும் அதன் தாக்கம் இருவருக்கும் பொது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எடுக்கும் இடர், இறக்கம் வரும் நாளில் பணப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. 'நான் அப்போதே சொன்னேனே' என்ற சொல்லில் தொடங்கி, தாழ்ந்த விலையில் விற்பதில் முடியும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் ஓர் ஏற்பாடு உண்டு. முதலில், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரையிலான வீட்டுச் செலவு, மருத்துவக் காப்பீடு, சம்பாதிப்பவருக்குப் போதிய ஆயுள் காப்பீடு, அருகிலுள்ள இலக்குகளுக்கான பணம் ஆகியவற்றை, அச்சப்படுபவருக்கு நிறைவு தரும் வகையில் பாதுகாப்பான இடங்களில் ஒதுக்குவது. அதன்பின் மீதியில் மற்றவர் தம் விருப்பப்படி நீண்டகால முதலீடு செய்வது; கணக்கு விவரம் இருவருக்கும் தெரிந்திருப்பது. அடித்தளம் உறுதியாக இருப்பது தெரிந்தால், அச்சப்படுபவரே மேல் பகுதியின் ஆட்டத்தைக் கண்டு அவ்வளவாகக் கலங்குவதில்லை.

கடன் இருக்கும்போது என் திறன் எவ்வளவு குறையும்?

தவணை என்பது சந்தை பார்த்து மாறாத கட்டாயச் செலவு. கையில் வரும் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகிறது என்றால், மன உறுதி எப்படியிருந்தாலும் பண வலு குறைவே. கிரெடிட் கார்டு நிலுவை இருந்தால் பேச்சே வேண்டாம்; ஆண்டுக்கு 36 சதவீதத்தையும் தாண்டக்கூடிய வட்டியை அடைப்பதைவிட உறுதியான ஆதாயம் தரும் முதலீடு எதுவும் இல்லை. நகையை அடகு வைத்து அல்லது தனிநபர் கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்கு எந்த மன உறுதியும் போதாது.

ஓய்வு பெற்றுவிட்டேன். பங்குகளை முழுவதும் விட்டுவிட வேண்டுமா?

முழுவதும் விட்டால் விலைவாசி உங்களைத் துரத்தும். 60 வயதில் ஓய்வு பெறுபவர் இன்னும் 25 ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு இறக்கத்தின் தன்மை மாறுகிறது. சம்பாதிக்கும் காலத்தில் சந்தை இறங்கினால் புதிய பணம் குறைந்த விலையில் உள்ளே போகிறது. ஓய்வில் அதே இறக்கத்தின்போது பணம் வெளியே வருகிறது. 50 லட்சம் வைத்திருந்து மாதம் 30,000 எடுப்பவர் ஆண்டுக்கு 3.6 லட்சம், அதாவது 7.2 சதவீதம் எடுக்கிறார். முதல் ஆண்டிலேயே முதலீடு 40 சதவீதம் சரிந்து 30 லட்சமானால், அதே 3.6 லட்சம் 12 சதவீதமாகிவிடும். பிறகு சந்தை மீண்டாலும் மீள்வதற்குள் விற்ற யூனிட்டுகள் திரும்பி வரா. இதே சரிவு பத்தாண்டு கழித்து வந்திருந்தால் பாதிப்பு மிகக் குறைவாக இருந்திருக்கும்.

ஆகவே ஓய்வின் முதல் சில ஆண்டுகளுக்கான செலவைச் சந்தைக்கு வெளியே வைப்பது நல்லது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். எஞ்சியதில் ஒரு பகுதி பங்குகளில் இருக்கலாம்.

என் திறனைக் கூட்டிக்கொள்ள முடியுமா?

பண வலுவைக் கூட்டலாம்: கடனைக் குறைப்பது, கையிருப்பைச் சேர்ப்பது, வீட்டில் இரண்டாவது வருமானம் வருவது ஆகிய ஒவ்வொன்றும் அதை உயர்த்தும். மன இயல்பு அவ்வளவு எளிதில் மாறாது; ஆனால் பழக்கம் உதவும். பங்குகளில் மொத்தப் பணத்தில் 10 அல்லது 15 சதவீதத்தோடு தொடங்கி, நல்லதொரு இறக்கத்தை உள்ளிருந்து பார்த்த பிறகு கூட்டுவது, சந்தை உச்சத்தில் இருக்கும்போது உற்சாகத்தில் கூட்டுவதைவிட நல்லது. பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

எப்போதெல்லாம் இதை மறுபடி பார்க்க வேண்டும்?

ஆண்டுக்கு ஒருமுறையும், வாழ்க்கை மாறும்போதும்: திருமணம், குழந்தை, வீட்டுக் கடன், வேலை மாற்றம், பெற்றோரின் நோய், ஓய்வு. சந்தை சரிந்துகொண்டிருக்கும் வாரத்தில் மாற்றி எழுதாதீர்கள். அன்றைய அச்சம் எழுதும். சந்தை வேகமாக ஏறும் வாரத்திலும் கூடாது. அமைதியான ஒரு மாதத்தில், எவ்வளவு பங்குகளில் இருக்க வேண்டும், எந்த நிலையில் விற்பேன், எந்த நிலையில் விற்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரும் படித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சந்தை ஏறி, மொத்தப் பணத்தில் பங்குகளின் அளவு 50-லிருந்து 60 சதவீதமாகிவிட்டால், அந்தத் தாளின்படி பழைய அளவுக்குக் கொண்டு வருவதும் இந்த ஆண்டு வேலையில் அடங்கும்.

ஆலோசகர் வேண்டும் என்றால் யாரிடம் போவது?

செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் உங்களிடம் கட்டணம் வாங்குகிறார். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் விற்கும் திட்டத்திலிருந்து கமிஷன் பெறுகிறார். இரண்டும் சட்டப்படியான தொழில்கள். ஆனால் யாருடைய பணம் அவருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு அமருங்கள். பதிவு எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். உங்கள் இடர் மதிப்பீட்டை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதில் பண வலுவும் மன உறுதியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் சந்திப்பிலேயே உங்கள் கடனையும் காப்பீட்டையும் கேட்காமல் திட்டத்தின் பெயரைச் சொல்லத் தொடங்குபவரிடம் இரண்டாவது சந்திப்பு வேண்டாம்.